இரட்டு விரித்தவள்

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்தில் அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்திக்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிப் போகுமா என்று நடத்துநருக்கே தெரியவில்லை. "உன் வண்டியில இட்டுக்கினு போயேன், கடலுக்கா போகச் சொல்றேன்?" என்று காலை ஆறு மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு அம்மா என் கட்டிலருகே வந்து நின்றார். ஒயர் கூடையில் பைபிள், பாட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு, உபவாசம் முடிக்க ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். அப்போது அவருக்கு எழுபது வயது. கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஊர். ஊர் என்று எழுதிவிட்டேன், காலனி. அம்மா பிறந்த இடம். சத்துணவு அமைப்பாளராகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, செங்கல்பட்டில் என்னோடு வந்து இருந்தாலும் வெள்ளிக்கிழமையானால் அவருக்கு அங்கே போயாக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயிலில் பன்னிரண்டு பதினைந்து பெண்கள் பாய் விரித்து உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாரம் பிரித்துக் கொடுத்திருக்கும். நோயாளிகளுக்காக ஒருவர், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஒருவர், குடிக்கிற புருஷன்மாருக்காக ஒருவர் (இதுதான் நீளமாகப் போகும்). தேசத் தலைவர்களுக்கான பாரம் எப்போதும் அம்மாவுடையது. குடியரசுத் தலைவரில் ஆரம்பித்துப் பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், கலெக்டர், தாசில்தார் வரை இறங்கி வருவார். எல்லாரையும் பெயர் சொல்லித்தான். ஆட்சி மாறினால் அந்த வாரமே பெயர் மாறிவிடும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதற்கும் யாருக்காக ஜெபிக்கிறார் என்பதற்கும் சம்பந்தமே இருக்காது. "திறப்பில் நிற்கிறது" என்பார் இதை. இடிந்த மதிலின் திறப்பில் ஓர் ஆள் நின்றால் ஊர் தப்பும் என்று அர்த்தம்.

நான் வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். அந்த இடத்தில் நான் கடைசியாகக் கண்மூடி உட்கார்ந்தது 1994இல்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அக்டோபர் 10, திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். செங்கல்பட்டுத் தெருக்களில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. துப்பாக்கிச் சூடு என்றார்கள். காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். என் சித்தி மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். மூன்று நாள் கழித்து முதுகெல்லாம் தடித்த கோடுகளோடு வீட்டுக்கு வந்தான்.

பஞ்சமி நிலத்தின் கதையைப் பாடப்புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. ஆய்வு மாணவியாக இருந்தபோது, வேறெதையோ தேடப்போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் உழுகிற மண் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை என்பதை எழுத்தில் வைத்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதுமாகப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கக் கூடாது, அதன்பிறகு விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நூறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் நிலம் யார் யார் கையிலோ இருந்தது. காரணையில் அந்த மண்ணை மீட்கப் போனவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்கத்தான் செங்கல்பட்டில் கூடினார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தசரா விடுமுறைதானே என்று அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். அவருடைய முறை வந்தது. குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா, பிரதமர் நரசிம்ம ராவ், முதலமைச்சர் ஜெயலலிதா என்று வரிசையாகச் சொல்லி, இவர்களுக்கு நல்ல சுகமும் ஞானமும் தாரும் ஆண்டவரே என்று வழக்கம்போலக் கேட்டார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செத்துப்போன இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாயிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். வீடு திரும்பியதும் கேட்டேன், "சுட்டவங்களுக்கு சுகமும் ஞானமுமா?" அம்மா பதில் சொல்லாமல் அரிசி களைந்தார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் எந்தத் தலைவருக்காகவும் நான் ஜெபித்ததில்லை. சபிப்பது வேறு, அதைச் செய்திருக்கிறேன்.

இதை எழுதும்போது அம்மாவிடம் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 1950இல் குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆணை வந்தது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே நின்றுகொண்டே இருக்கிறார்கள். காலனியில் பிறந்து, காலனிக் கிணற்றில் தண்ணீர் சேந்தி, காலனிக் கல்லறையில் பெற்றவர்களைப் புதைத்த அம்மாவின் சான்றிதழ் அவரைப் பிற்படுத்தப்பட்டவர் என்கிறது. என்னுடையதும் அப்படித்தான். அவர் வாராவாரம் பெயர் சொல்லி ஜெபிக்கும் வரிசையில் முதல் பெயர் எப்போதும் குடியரசுத் தலைவருடையது.

2019க்குத் திரும்புகிறேன். அன்று ஆயரம்மா வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கோவளத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். ஜெபம் எப்படியும் நடந்துவிடும், தேவச்செய்தி கொடுக்கத்தான் ஆள் இல்லை. அம்மா திண்ணைக்கு வந்தார். "காலேஜில தினம் பேசற வாய்தானே. பத்து நிமிஷம் வந்து பேசு."

சிரிப்பு வந்தது. ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லி பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயு முதலாம் நிருபத்தில் ஒரு பகுதி வரும், இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில். அம்மாவின் பாரத்துக்கு ஆதாரமே அதுதான். அதே அதிகாரம் பத்து வசனம் தள்ளிப் போய், பெண் அமைதியாகக் கற்றுக்கொள்ளட்டும், உபதேசிக்க அவளுக்கு இடமில்லை என்கிறது. தலைவர்களுக்காக ஜெபிக்கச் சொன்ன கையோடு ஜெபிக்கிறவளின் வாயைக் கட்டுகிற அதிகாரம் அது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் ஒரு பெண் பேராயராகவே ஆகிவிட்டார். சில ஆயர்மார் இன்னும் அந்த வசனத்தின்மேல்தான் குடியிருக்கிறார்கள். அன்றைக்கு ஊரில் ஆயர் இல்லை, ஆயரம்மாவும் இல்லை. சரி என்று உள்ளே போனேன்.

தலைவர்களுக்காக ஜெபிப்பது என்றால் சபைகளில் எஸ்தரைச் சொல்வார்கள். மூன்று நாள் உபவாசமிருந்து, அலங்கரித்துக்கொண்டு, அழைப்பில்லாமல் ராஜாவின் முன் போய் நின்றவள். இல்லாவிட்டால் தெபொராள். எனக்கு எஸ்தரிடம் ஒரு சங்கடம் உண்டு. அவள் ராணி. அவளுக்கு முன் இருந்த வஸ்தி, குடித்திருந்த ராஜாவின் முன்னால் வந்து அழகைக் காட்ட மாட்டேன் என்று சொன்னதற்காகத் துரத்தப்பட்டவள். அந்தக் காலியிடத்தில்தான் எஸ்தர் வந்தாள். அன்று எனக்கு வேறொருத்தி தேவைப்பட்டாள். முந்தின நாள் அக்டோபர் 10. காரணைக்கு இருபத்தைந்து வருஷம்.

"ரிஸ்பாளைத் தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் "சாமுவேல்ல வருமே" என்றார்.

சாமுவேலின் இரண்டாம் புத்தகம், இருபத்தொன்றாம் அதிகாரம். தாவீது ராஜாவின் காலத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம். காரணம் கேட்டபோது, முந்தின ராஜாவான சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழி என்று பதில் வருகிறது. கிபியோனியர் யார் என்று யோசுவாவின் புத்தகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். உயிரோடு விடுகிறோம் என்று ஆணையிட்டுக் கொடுத்து, அதற்கு விலையாக விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொண்ட ஜனம். பரம்பரை பரம்பரையாக அதே வேலை. இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் "நம்ம ஆளுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை அரசு மீறியது, அதனால் மழை இல்லை என்கிறது கதை. நான் அப்படியே கிபியோனியர் பக்கம் சாய்ந்துவிட முடியாதபடி அடுத்த திருப்பம் வருகிறது. ஈடாக என்ன வேண்டும் என்று தாவீது கேட்கிறான். சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கொடு என்கிறார்கள். கொடுத்துவிடுகிறான். அந்த ஏழு பேர் கொலை செய்தவர்கள் என்று கதை எங்கும் சொல்லவில்லை. ஒரு ராஜாவின் பாவத்துக்கு இன்னொரு ராஜா எழுதிய கணக்கில் அவர்கள் ஏழு எண்கள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நாட்களில், மலைமேல் அவர்களைக் கொன்று தொங்கவிடுகிறார்கள்.

அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் மகன்கள். அவள் சவுலின் மறுமனையாட்டி. மனைவிகூட இல்லை. சவுல் செத்த பிறகு அவளோடு கூடினாயா என்று இரண்டு ஆண்கள் சண்டை போட்டு, அந்தச் சண்டையில் ஓர் அரசு கைமாறியதும் இதே புத்தகத்தில் முன்னாலேயே வருகிறது. அப்போதும் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எபிரேய மொழியில் அவள் பெயருக்குத் தணல், சுட்ட கல் என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். பைபிள் முழுவதிலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது.

அவள் செய்தது இதுதான். ஓர் இரட்டை எடுத்துப் போய் அந்தப் பாறைமேல் விரித்தாள். உட்கார்ந்தாள். பகலில் பறவைகளை நெருங்க விடவில்லை, இரவில் மிருகங்களை அண்ட விடவில்லை. அறுப்புத் தொடங்கியதிலிருந்து வானத்திலிருந்து மழை விழும்வரை. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு ஏப்ரல் வாக்கில், பருவமழை அக்டோபர் வாக்கில். ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மகன்களின் உடம்பும் மாற்றாள் பேரன்கள் ஐந்து பேரின் உடம்பும் அவள் கண்முன்னே என்ன ஆகியிருக்கும் என்பதைக் கோயிலில் நான் விவரிக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

தூக்கிலிட்ட உடம்பை அன்றைக்கே அடக்கம் பண்ண வேண்டும், இரவு முழுக்க மரத்தில் விடக் கூடாது, விட்டால் தேசம் தீட்டுப்படும் என்று உபாகமத்தில் சட்டம் இருக்கிறது. ராஜாவுக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். சட்டத்தை எடுத்துச் சொல்ல அவளுக்கு அரண்மனையில் இடமில்லை. அதனால் சட்டம் மீறப்பட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். செய்தி தாவீதுக்குப் போகிறது. அப்போதுதான் அவன் அசைகிறான். சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் யாபேசிலிருந்து தருவிக்கிறான், தொங்கியவர்களின் எலும்புகளைப் பொறுக்கச் சொல்கிறான், முறைப்படி அடக்கம் செய்கிறான். அதற்குப் பிறகே தேசத்துக்கான வேண்டுதல் கேட்கப்பட்டது என்று முடிகிறது அந்தப் பகுதி. ஏழு பேரைக் கொன்றவுடன் கேட்கப்பட்டது என்று எழுதியிருக்கவில்லை.

இதை நான் சொல்லி முடித்தபோது பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. வழக்கமாகச் செய்தி முடிந்தால் ஸ்தோத்திரம் என்பார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. கடைசியில், கடலோரக் குப்பத்திலிருந்து மருமகளாக வந்து கூடையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "ராத்திரி பகல் ரெண்டு வேளையும் அந்தம்மாவேவா இருந்துச்சு? மாத்திவிட யாரும் வரலியா?"

முனைவர் பட்டம் வாங்கி, பெண்ணிய இறையியல் கட்டுரைகள் பத்துப் பதினைந்தாவது வாசித்திருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. ரிஸ்பாளைத் தனியாக நின்ற வீரத்தாயாகவே பார்த்துப் பழகியிருந்தேன். ஓவியங்களிலும் அப்படித்தான், கையை ஓங்கிய ஒற்றைப் பெண். அந்தக் கேள்வி கிளம்பியதும் கோயிலே பேச ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு யார் கொண்டுவந்திருப்பார்கள்? தண்ணீர்? தூரமானால் என்ன செய்திருப்பாள்? மற்ற ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள் எங்கே? அவளைப் புருஷன் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். "கிபியோனு பொம்பளைங்களே தண்ணி கொண்டாந்திருப்பாங்க. அவங்க வேலையே அதுதானே" என்றார் இன்னொருவர். பழி வாங்கிய சாதியின் பெண்கள், பழி கொடுத்தவளுக்குக் குடம் சுமந்து மலையேறியிருப்பார்கள் என்று. பைபிளில் அதற்கு ஆதாரம் இல்லைதான். ஆனால் ஆறு மாதம் ஒருத்தி தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருந்ததற்கும் பைபிளில் ஆதாரம் இல்லை.

அப்போது எனக்குப் புறநானூற்றின் 291ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. வகுப்பில் வருஷாவருஷம் நடத்துகிற பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டு. புறநானூற்றுத் தாய் என்றாலே நம் மேடைகளில் ஒரே மாதிரித்தான் வருவாள். மகன் மார்பில் புண்பட்டு விழுந்தான் என்று கேட்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறவள். உவகைக் கலுழ்ச்சி என்று துறைக்குப் பெயரும் உண்டு. அரசுக்கு அந்தத் தாய் மிகவும் சௌகரியமானவள். 291இல் பேசுகிறவள் வேறு. பாடியவர் ஆண் புலவர்தான், ஆனால் குரல் களத்தில் விழுந்து கிடப்பவனின் மனைவியுடையது. துடி கொட்டுகிறவர்களையும் பாடுகிற சிறுவர்களையும் கூப்பிடுகிறாள். நீங்கள் அந்தப் பெரிய பறவைகளின் ஆரவாரத்தை விலக்குங்கள், நான் விளரிப் பண் பாடி நரிகளை விரட்டுகிறேன் என்று காவலைப் பிரித்துக்கொள்கிறாள். அதோடு நிற்கவில்லை. அரசனுக்காக ஒன்று கேட்கிறாள். நான் நடுங்குகிற மாதிரி அவனும் நடுங்கட்டும் என்று. சாகத் துணிந்த என் கணவனுக்குத் தன் மணிமாலையைச் சூட்டி, இவனுடைய ஒற்றைவடத்தைத் தான் போட்டுக்கொண்டானே, அந்த மரியாதைக்குப் பதிலாக.

பாட்டைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொன்னேன். "இது சாபமா ஜெபமா?" என்றார் மீன்கார அக்கா. எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. பேராசிரியர்கள் இதை அரசன்மேல் உள்ள அன்பின் மிகுதி என்றும் எழுதலாம், எழுதுவார்கள். எனக்குக் கேட்டது அதுவல்ல. ரிஸ்பாள் பேசாமல் செய்ததற்கு இவள் வாய் கொடுத்த மாதிரி இருந்தது. ஆள்கிறவனுக்கு நீண்ட ஆயுள் கேட்காமல், தன் நடுக்கத்தை அவன் உடம்புக்கும் கேட்கிறாள். வந்தால் அவன் எலும்பு பொறுக்க ஆள் அனுப்புவான்.

அம்மாவின் முறை வந்தது. ராம்நாத் கோவிந்த், நரேந்திர மோடி, எடப்பாடி பழனிசாமி. அன்று புதிதாகச் சீன அதிபரும் சேர்ந்துகொண்டார். அவர் பெயரை அம்மா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு "நீர் அறிவீர் ஆண்டவரே" என்று விட்டுவிட்டார். மூன்று கல் தொலைவுக்கு அப்பால் ஐந்து ரதத்தின் முன்னால் காய்களாலும் பழங்களாலும் பிரம்மாண்டமான வளைவு கட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் மீன்கார அக்காவின் கூடை காலியாக இருந்தது, பாதுகாப்புக்காகக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்ததால். அம்மா அதையும் சொன்னார். படகு இறங்காத வீடுகளை அவர்கள் கண்ணுக்குக் காட்டும் என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஜான் தாமஸ், ஏழுமலை என்றார். அவர்களைப் பெற்றவர்களுக்காக என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் திறக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன். "இருபத்தஞ்சு வருஷம் ஏம்மா ஆச்சு?"

"அந்த வாரமே சொல்லியிருப்பேன். முன்னால உட்கார்ந்திருந்தது யாரு தெரியுமா, ஸ்டேஷன்ல வேலை பார்த்தவரு பொண்டாட்டி. உன் சித்தி மவன் உள்ள இருந்தான். பேரைச் சொல்லி ஜெபிச்சா அந்தப் பேரு எங்க போய்ச் சேரும்? வூட்ல தினம் சொன்னேன், உனக்குக் கேக்கல."

நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் அம்மாவின் தலைமுறையைப் பற்றி. அடங்கிய பக்தி, கேள்வி கேட்காத விசுவாசம் என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரையே உண்டு. எதை எங்கே உரக்கச் சொல்வது என்று பதினைந்து வயசுப் பெண்ணின் கோபத்தைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர் அவர். அந்தக் கணக்கு முழுவதும் சரி என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலில் சொல்லாமல் விட்ட இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாமலே போயிற்று. இதை அவரிடம் சொன்னேன். "சரி, அதுவும் நிஜந்தான்" என்றார்.

திருக்கழுக்குன்றம் போகும் பாதையில் ஒரு தடுப்பு. இருபத்தைந்து வயதுகூட இருக்காத பெண் போலீஸ் ஒருத்தி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். காலை நான்கு மணிக்கு இறக்கிவிட்டார்களாம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு கடை, ஒரு கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும் என்று குடிக்காமல் நின்றாள். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, உபவாசம் முடிக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்தார். 1994இல் லத்தி பிடித்தவர்களின் சீருடைதான் அவளுடையதும். 2021 ஜூனில், முதலமைச்சர் போகும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்த செய்தியைப் படித்தபோது இவள் முகம்தான் வந்தது. அத்தனை வருஷம் அவர்கள் தலைவர்களின் கண்முன்னேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்கும் காணொளி வந்தது. அந்தக் கடற்கரையை அன்றாடம் பெருக்கும் பெண்களில் ஒருவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அதைப் பற்றிச் சொன்னவை இங்கே அச்சில் ஏறாது. நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அம்மாவின் வரிசையில் கலெக்டர் பெயர் மாறியது.

நான் பேசியது ஆயரின் காதுக்குப் போனது. கொலைப் பிணங்களைப் பற்றிப் பேச ஜெபக்கூட்டம் இடமல்ல என்று சொன்னாராம். என்னை மறுபடி யாரும் பேசக் கூப்பிடவில்லை. ரிஸ்பாள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். 2024 மார்ச் முதல் வெள்ளியில், உலக ஜெப நாளுக்காகப் பாலஸ்தீனப் பெண்கள் எழுதிய வழிபாட்டை வாசித்தபோது, அதே வழிபாட்டை ஜெர்மனியில் திருத்தி அச்சிட்டார்கள் என்று நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்திருந்த மீன்கார அக்கா, "நாம முழுசா படிப்போம்" என்றாராம். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துச் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கதையை ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். அங்கே பிள்ளையின் உடம்பைக்கூடக் காட்டவில்லை, எதைக் காவல் காப்பது என்றே தெரியாமல் காக்கிறார்கள் என்றேன். முறை வைத்து உட்காருகிறார்களா என்று அம்மா கேட்டார். ஆமாம், ஒருவர் வீட்டுக்குப் போனால் இன்னொருவர் இருப்பார் என்றேன். உட்கார்ந்தபடியே முடிவு தெரியாமல் செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

இப்போது அம்மாவுக்கு எழுபத்தாறு. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பாயில் உட்கார முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்கிறார். பேருந்தில் அனுப்ப எனக்கு மனம் வராததால் வெள்ளிக்கிழமைகளில் முதல் இரண்டு வகுப்பையும் மாற்றிவிட்டு நானே கொண்டுபோய் விடுகிறேன். சில நாள் திண்ணையில் இருப்பேன், சில நாள் உள்ளே. போன மாதம் அவருக்குக் காய்ச்சல். படுத்தபடியே கூடையிலிருந்து பைபிளை எடுக்கச் சொன்னார். பின்னட்டையின் உட்புறம் பெயர்கள், அடித்தும் எழுதியும் மறுபடி அடித்தும். முர்முவுக்கு ஒரு முனா கூடுதலாக இருந்தது. நான் திருத்தப் போனேன். "அது இருக்கட்டும். இன்னிக்கி நீ போய் என் பாரத்தை எடு" என்றார். எனக்கு எல்லாரையும் வரிசையாகச் சொல்ல வராதும்மா, நடுவில் கோபம் வந்துவிடும் என்றேன்.

"வரட்டும். கடைசியில அந்த ரெண்டு பேரையும் விட்டுடாத. பத்து மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க, பெட்ரோல் இருக்கா பாரு."